ரூன் எழுத்தா, சாதகமா, அம்மன் வாக்கா: குறி பார்க்கப் பழகுபவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மந்திரத்துக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் இன்றைக்கும் பகிடி விடுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, வட ஐரோப்பாவின் பழைய ரூன் எழுத்துகளை மரத்துண்டுகளில் கீறிக் குறி பார்ப்பதற்கு என்ன தேவை என்று பெரியவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனாலும் பழக விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், வெளிநாடு போவதா வயலைப் பார்ப்பதா என்று தடுமாறும் இளைஞர்கள் எல்லோரும் சுற்றிவளைத்துக் கேட்பது ஒன்றைத்தான். ரூன் கற்கலாமா, படம் போட்ட டாரோட் குறிச்சீட்டு வாங்கலாமா, அல்லது வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து சாதகம் பார்க்கவே பழகிவிடலாமா?

பலிக்குமா என்ற பேச்சை முதலில் முடித்துக்கொள்வோம். இந்திய வானியலாளர் ஜயந்த் நார்லிகர் மகாராட்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினார். படிப்பில் சுட்டியான 100 பிள்ளைகளின் சாதகங்களும் அறிவுத்திறன் குறைபாடுள்ள 100 பிள்ளைகளின் சாதகங்களும் கலந்து வைக்கப்பட்டன. 27 சோதிடர்களுக்கு ஆளுக்கு 40 சாதகங்களைக் கொடுத்து, எது எந்த வகைப் பிள்ளையுடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். சராசரியாக நூற்றுக்கு 46தான் சரியாக வந்தது. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலே 50 வந்திருக்கும். ரூனோ சீட்டோ இதைவிட நன்றாகச் செய்யும் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அப்படியானால் ஒப்பிட என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. ஒவ்வொரு முறையும் விடை தருவதற்கு முன்பு கேட்பவரிடம் ஏதோ ஒரு வேலையை வாங்குகிறது. அந்த வேலைதான் ஆளைக் கொஞ்சம் தெளிய வைக்கிறது. விடை பெரும்பாலும் சாட்டு. எனவே, எந்த முறை என்ன வேலை வாங்குகிறது, அந்த வேலை யாருக்குப் பொருந்தும் என்பதை வைத்தே இங்கே பார்க்கிறேன்.

ரூன்: எது பழையது, எது நேற்று வந்தது

கடையில் விற்கும் ரூன் பெட்டிகளில் "பல்லாயிரம் ஆண்டு ரகசியம்" என்று போட்டிருப்பார்கள். உண்மை அவ்வளவு பகட்டானது அல்ல; ஆனால் அதைவிடச் சுவையானது. ரூன் என்பது ஜெர்மானிய மொழிகளைப் பேசிய மக்கள் எழுதப் பயன்படுத்திய எழுத்து. டென்மார்க்கின் வீமோசே சதுப்பில் கிடைத்த சீப்பு ஒன்றில் கி.பி. 160 அளவில் கீறிய ரூன் சொல் இருக்கிறது. சுவீடனின் கோட்லாந்து தீவில் கிடைத்த கில்வர் கல்லில், கி.பி. 400 அளவில், 24 எழுத்துகளும் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்த 24 எழுத்து வரிசைக்கு, அதன் முதல் ஆறு எழுத்துகளின் ஒலியைச் சேர்த்து, ஃபுதார்க் என்று பெயர். வைக்கிங் காலத்தில் அது 16 ஆகச் சுருங்கியது; இங்கிலாந்திலோ எண்ணிக்கை கூடியது. நோர்வேயின் பேர்கன் நகரத்துத் துறைமுகப் பகுதியில் 1955ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பிறகு அகழ்ந்தபோது, ரூன் கீறிய நூற்றுக்கணக்கான குச்சிகள் வெளியே வந்தன. வியாபாரப் பொதியில் கட்டிய பெயர்த் துண்டு, காதல் வரி, வசை எல்லாம் அவற்றில் இருந்தன. ஒரு குச்சியில், கீடா என்ற பெண் உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். கீடா தேடிய ஆள் எங்கே உட்கார்ந்திருந்தான் என்பதை நம்மூர்ப் பெண்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்த எழுத்தை வைத்துக் குறி பார்த்தார்களா? அதற்கு எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது, உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98இல் ஜெர்மானிய மக்களைப் பற்றி எழுதிய ஒரு பத்தி. கனி தரும் மரத்தின் கிளையை வெட்டித் துண்டுகளாக்கி, அவற்றில் குறிகள் இட்டு, வெள்ளைத் துணியின்மேல் கண்டபடி சிதறுவார்கள். ஊர்க் காரியம் என்றால் பூசகர், வீட்டுக் காரியம் என்றால் குடும்பத் தலைவர், தெய்வத்தை வேண்டி, வானத்தைப் பார்த்தபடி மூன்று துண்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பார். வேண்டாம் என்று வந்தால் அதே காரியத்தை அன்றைக்கு மறுபடி கேட்கக் கூடாது. சரி என்று வந்தாலும் அத்தோடு விடுவதில்லை. பறவை முதலிய சகுனங்களைப் பார்த்து உறுதி செய்யவேண்டும். டாசிட்டஸ் அந்தக் குறிகளை எழுத்து என்று சொல்லவில்லை. வெறும் குறி என்றே சொல்கிறார்.

மறுபடி கேட்கக் கூடாது என்ற அந்தத் தடையை நான் பெரிதாக மதிக்கிறேன். நம்மூரில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் வெவ்வேறாகப் பொட்டலம் கட்டிச் சுவாமி முன்னால் வைத்து, சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வோம். நினைத்த நிறம் வராவிட்டால், "பிள்ளை சரியாகக் கும்பிடவில்லை, இன்னொரு தரம் எடு" என்று சொல்லாத வீடு எது? ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு முத்திரை குத்தத்தான் பூ வைக்கிறோம். தொலைபேசிச் செயலியில் ரூன் பார்ப்பதும் இதே கதைதான். விரலால் தட்டத் தட்டப் புது விடை கொட்டும்.

இன்றைய ரூன் நூல்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் எழுதியிருக்கும் "பலன்" எங்கிருந்து வந்தது? ஓரளவுக்கு, பழைய ஆங்கிலம், நோர்வே, ஐஸ்லாந்து ஆகிய மூன்று மரபுகளில் கிடைத்த ரூன் பாடல்களிலிருந்து. எழுத்துக்கு ஒரு சிறு பாடல் என்று, நம்மூர் அரிவரிப் பாட்டைப் போல அமைந்தவை அவை. ஆங்கிலப் பாடலின் ஏடு 1731இல் இலண்டனில் நடந்த தீயில் அழிந்துவிட்டது. 1705இல் ஜோர்ஜ் ஹிக்ஸ் அதை அச்சில் ஏற்றியிருந்ததால்தான் நமக்கு மிஞ்சியது. மீதிப் பலன்கள் புதியவை. 1902இல் கண் சிகிச்சைக்குப் பின் பல மாதம் பார்வையின்றிக் கிடந்த ஆஸ்திரியர் குயிடோ பொன் லிஸ்ட், தமக்கு 18 ரூன்களின் இரகசியம் வெளிப்பட்டதாகச் சொன்னார். 1982இல் அமெரிக்கர் ரால்ப் புளூம், ஒன்றும் எழுதாத வெற்றுத் துண்டு ஒன்றை 25ஆவதாகச் சேர்த்துப் பரப்பினார். பழங்காலத்தில் அப்படி ஒன்று இருந்ததற்குச் சான்று கிடையாது. எந்த எழுத்தும் இல்லாததை எப்படி எழுத்து என்பது? பெட்டியில் அது வந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு துண்டு தொலைந்தால் அதில் கீறிக்கொள்ளலாம்.

பெர்த்ரோ என்ற எழுத்தின் பெயருக்குப் பொருள் என்னவென்று அறிஞர்களுக்கே தெரியாது. ஆங்கிலப் பாடல், வீரர்கள் கூடியிருக்கும் மண்டபத்தில் அது விளையாட்டும் சிரிப்பும் என்கிறது. அதை வைத்துத் தாயக்கட்டைக் கிண்ணம் என்று சிலர் ஊகிக்கிறார்கள். விற்பனை நூல்களோ இரகசியம், கர்ப்பம், விதி என்று அடுக்குகின்றன. தெரியாத இடத்தில் "இரகசியம்" என்று எழுதிவிடுவது வசதியான வேலை. எந்த ரூன் நூலை வாங்குவதென்றாலும் முதலில் பெர்த்ரோ பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பொருள் உறுதியில்லை என்று ஒத்துக்கொள்ளும் நூல் என்றால் மற்றப் பக்கங்களையும் நம்பிப் படிக்கலாம்.

ஐஸ்லாந்துப் பழங்கதை ஒன்று மட்டக்களப்பாருக்கென்றே எழுதியதுபோல இருக்கும். எகில் என்ற கவிஞன் ஒரு வீட்டுக்குப் போகிறான். அங்கே ஓர் இளம்பெண் நோயில் கிடக்கிறாள். படுக்கையைத் தேடினால் திமிங்கிலத்தின் வாய்த் தகட்டில் கீறிய ரூன்கள் அகப்படுகின்றன. பக்கத்து வீட்டுப் பையன் அவளை வசியம் செய்ய நினைத்துக் கீறியது; எழுத்துத் தெரியாமல் பிழையாகக் கீறிவிட்டதால் அவள் நோயாளியாகிவிட்டாள். எகில் அதைச் சுரண்டி நெருப்பில் போட்டு, புதிதாகக் கீறித் தலையணைக்கடியில் வைக்க, அவள் தேறுகிறாள். நன்றாக வாசிக்கத் தெரியாதவன் ரூன் கீறக் கூடாது என்று எகில் பாடியும் வைக்கிறான். பாயோடு ஒட்டவைக்கும் ஊராருக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை.

கொய்யாக் கொப்பும் ஒரு பேனாக்கத்தியும்

ரூன் வாங்கும் முதல் வேலை, கருவியை நாமே செய்யவேண்டும் என்பது. கடையில் கல் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கனி தரும் மரம் என்றுதானே டாசிட்டஸ் சொல்கிறார்? வளவில் நிற்கும் கொய்யா போதும். இறுகிய மரம், கத்திக்கும் படியும். பெருவிரல் தடிப்புள்ள கொப்பை நெடுக்காகப் பிளந்து, தட்டையான பக்கத்தைச் சீவி, சிறு துண்டுகளாக நறுக்குங்கள். மரத்தின் இழை இடமிருந்து வலமாக ஓடும்படி துண்டைப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு கீறிப் பாருங்கள். கத்தி ஒவ்வோர் இழையாக அறுத்துக்கொண்டு இறங்கும். கோடு பளிச்சென்று நிற்கும். இனிப் படுக்கையாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கத்தி இழையோடு வழுக்கி ஓடும், அல்லது துண்டே பிளந்துவிடும். ரூன்களில் நிமிர்ந்த கோடும் சாய்ந்த கோடும் இருக்க, படுக்கைக் கோடு இல்லாததற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். ஓலையில் எழுத்தாணி பிடித்த நம் முன்னோர் எழுத்தை வளைத்து எழுதியதற்கும் ஓலை கிழிந்துவிடும் என்ற பயமே காரணம் என்பார்கள். 24 துண்டுகளைக் கீறி முடிப்பதற்குள் எழுத்துகள் மனப்பாடமாகிவிடும். தனியாகப் படிக்கத் தேவையே இல்லை.

மாரி காலத்தில் இந்த வேலையில் இறங்கவேண்டாம். கார்த்திகை, மார்கழி மழையில் பச்சை மரம் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். பங்குனிக்குப் பிறகு வெட்டி, வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தினால் வெடிக்காது.

இரண்டாவது வேலை கொஞ்சம் கடினம். இந்த எழுத்துகளின் பெயர்கள் எல்லாம் குளிர்நாட்டுப் பொருட்கள். ஹகலாஸ் ஆலங்கட்டி மழை, ஈசா உறைபனி, ஊருஸ் அழிந்துபோன காட்டெருது. உறைபனியை மீன் வாடிப் பெட்டியில் மட்டும் கண்டவர்கள் நாம். பலன் அட்டவணையை நெட்டுருப் போட்டால் ஈசா என்றால் "தடை, முடக்கம்" என்று ஒப்பித்துவிடலாம். பாடலைப் படித்தால்தான் வேறொன்று தெரியும். நோர்வேப் பாடல் பனியை அகலமான பாலம் என்கிறது. குருடனை அதில் கைபிடித்துக் கூட்டிச் செல்லவேண்டும் என்கிறது. ஏரி உறைந்தால் அவர்களுக்கு வழி திறக்கிறது, ஆனால் வழுக்கும். குருமண்வெளியில் நின்று மண்டூருக்குப் பாதை என்ற மிதவையில் ஏறிப் போனவர்களுக்கு இந்த நிலை பழக்கமானது. நீர் நடுவே நிற்கிறது, கடக்கலாம், ஆனால் நம் அவசரத்துக்கு அல்ல. "முடக்கம்" என்ற ஒற்றைச் சொல்லைவிட இது எவ்வளவோ உதவுகிறது.

யேரா என்ற எழுத்துக்கு ஆண்டு, நல்ல விளைச்சல் என்று பொருள். அம்பாறை விவசாயிக்கு இதை விளக்க நூல் வேண்டாம். பெரும்போகம் மழையை நம்பியது, சிறுபோகம் கல்லோயாத் திட்டத்து வாய்க்கால் நீரை நம்பியது. இரண்டிலும் விதைத்தபின் காத்திருப்பது ஒன்றுதான். ஆலங்கட்டியை ஆங்கிலப் பாடல் தானியங்களிலேயே வெண்மையானது என்கிறது; வானத்திலிருந்து சுழன்று விழுந்து பிறகு தண்ணீராகிவிடும் என்கிறது. மாசியில் கதிர் சாய்ந்திருக்கும் நேரம் பெய்யும் மழையை வைத்து அதை வாசித்தால் பொருந்திவிடும். ஓதலா என்பது பரம்பரை நிலம், முதுசொம். இங்கேதான் சிக்கல். வட நாட்டில் அது பெரும்பாலும் ஆண்வழிச் சொத்து. மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போகின்றன; குடியும் தாய்வழியாகவே எண்ணப்படுகிறது. மணம் பேசிக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு ஓதலா வந்தால், அது அவனுடைய நிலமா, அவன் போய்க் குடியேறப்போகும் வீடா? எந்த நூலும் இதற்குப் பதில் சொல்லாது. உட்கார்ந்து யோசிக்கத்தான் வேண்டும். அந்த யோசனைக்காகவே ரூனை விரும்புகிறேன்.

தலைகீழாக விழுந்தால் பலன் மாறும் என்பதும் புதிய வழக்கமே. 24இல் ஒன்பதைத் தலைகீழாக்கினாலும் வடிவம் மாறாது என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். தொடக்கத்தில் தலைகீழை விட்டுவிடுங்கள். குழப்பம் பாதியாகும், இழப்பு ஒன்றுமில்லை.

சாதகம்: கணக்கைப் படியுங்கள், பலனை ஆறப்போடுங்கள்

சாதகத்தை ரூனோடு ஒரே தட்டில் வைப்பதே சரியில்லை என்று சாத்திரியார்கள் கோபிப்பார்கள். அதில் நியாயம் உண்டு. 12 இராசி, 27 நட்சத்திரம், 9 கிரகம், 120 ஆண்டு விம்சோத்தரி தசை என்று விரியும் கணித மரபு அது. ரூனை ஒரு போகத்துக்குள் பழகிவிடலாம்; சாதகத்துக்கு ஆண்டுகள் வேண்டும். வாக்கியமா திருக்கணிதமா என்ற முதல் வாசலிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தையே இரண்டு பஞ்சாங்கமும் வெவ்வேறாகச் சொல்ல, மருத்துநீர் வைப்பது எந்த நேரத்துக்கு என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடக்கும்.

இதில் கிழக்கு மாகாணத்துக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. இன்று மணவயதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்தவர்கள். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டால் நாட்டு நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே பார்க்கப்பட்டது. ஆகவே அந்தப் பத்தாண்டில் பிறந்த ஒருவர் "காலை 6.10" என்று சொன்னால், அது எந்த மணிக்கூட்டின் 6.10 என்று கேட்கவேண்டும். இலக்கினம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் இராசி, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறும். அந்த இராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்ச இலக்கினமோ 13 நிமிடத்துக்குள் மாறிவிடக்கூடும். அரை மணித்தியாலம் தவறினால் நவாம்சம் வேறொருவருடையதாகிவிடும். கணினி மென்பொருளில் இன்றைய நேர வலயத்தை வைத்துக் கணித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் செவ்வாய் ஏழில் நிற்கிறது என்று பெண் பிள்ளையின் சம்பந்தத்தைக் கலைப்பவர்களை என்ன சொல்வது? 2004 கடல்கோளில் குறிப்பு ஏடு அள்ளுண்டுபோன வீடுகள் கரையோரம் முழுவதும் இருக்கின்றன. அவர்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு.

சாதகம் வாங்கும் வேலை என்னவென்றால், பிறந்த நேரத்தைத் தேடுவது. அம்மாவிடம் கேட்கவேண்டும், அம்மம்மாவிடம் கேட்கவேண்டும். பள்ளிவாசலில் சுபஹு பாங்கு சொன்ன நேரமா, கோயில் மணி அடித்த நேரமா, அன்றைக்கு ஊரடங்கா என்று பேச்சு நீளும். அரைவாசிக் குடும்ப வரலாறு அங்கே வெளியே வந்துவிடும். அந்தப் பேச்சுக்காக மட்டுமே சாதகக் கணிதத்தைப் பழகச் சொல்வேன். இரவில் வெளியே வந்து கார்த்திகையையும் உரோகிணியையும் வானத்தில் காட்டத் தெரியாத சாத்திரியாரை விட, பலன் சொல்லத் தெரியாமல் நட்சத்திரம் காட்டத் தெரிந்தவர் மேல். ஆனால் ஒரு முடிவு எடுக்கும் கருவியாகச் சாதகத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ரூன் துண்டு தவறான வழி சொன்னதாகத் தோன்றினால் அடுத்த மாதம் வேறு கேள்வி கேட்கலாம். பிறந்த நேரத்தை மாற்ற முடியாது. கெட்ட சாதகம் என்ற பெயர் ஒரு பிள்ளையின் தலையில் விழுந்தால் ஆயுளுக்கும் இறங்காது.

அம்மன் வாக்கு, வெற்றிலை மை

வைகாசி பிறந்தால் தம்பிலுவில், காரைதீவு, பட்டிமேடு, செட்டிபாளையம் என்று கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறப்பார்கள். கல்யாணக்கால் நட்டு, திருக்குளிர்த்தி வரை சடங்கு நடக்கும். அம்மன், காளி, பேச்சி கோயில்ச் சடங்குகளில் தெய்வம் ஏறி ஆடுபவர் வாக்குச் சொல்வார், கட்டுச் சொல்வார். இதைக் "கற்கலாமா" என்ற கேள்வியே பிழை. நோன்பு, தூய்மை, குடும்ப வழி, ஊரின் ஏற்பு எல்லாம் கூடி வருவது. தேர்வுப் பட்டியலில் இதைச் சேர்த்ததற்குக் காரணம், கேட்பவரிடம் இது வாங்கும் வேலை வேறெதிலும் இல்லை என்பதுதான். சடங்கு நாள் வரும்வரை காத்திருக்கவேண்டும். வந்தபின் ஊரார் முன்னால் நின்று கேட்கவேண்டும். அண்டை வீட்டார் காதில் விழக்கூடாத கேள்வியை அங்கே யாரும் கேட்க முடியாது. அற்பக் கேள்விகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

போர்க்காலத்தில் இந்த வாக்கு என்ன சுமையைச் சுமந்தது என்பதை அமெரிக்க மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ் 1990களில் மட்டக்களப்பில் தங்கி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று வேறு எங்கும் வாய்திறந்து கேட்க முடியாத காலத்தில், அம்மன் கோயிலில் வாக்குச் சொல்பவர்களிடம்தான் தாய்மார் கேட்டார்கள். இன்றும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள் இருக்கிறார்கள். ரூன் பழகும் தம்பி தங்கைகளிடம் இதைக் கடுமையாகவே சொல்லவேண்டும். அந்தக் கேள்வியோடு யாராவது வந்தால் பையை அவிழ்க்காதீர்கள். அந்தத் துயரத்தைத் தாங்கிக்கொள்ளும் ஒரு சபையும் சடங்கும் அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கின்றன. உங்களிடம் 24 கொய்யாத் துண்டுகள்தான் இருக்கின்றன.

வெற்றிலையில் மை பூசி அஞ்சனம் பார்ப்பதைப் பற்றிச் சுருக்கமாக: வேண்டாம். காணாமல்போன சங்கிலிக்கு மை பார்த்தால், விடையாக வருவது எப்போதும் ஓர் ஆளின் அடையாளம். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டில் வேலைக்கு வந்துபோகும் ஏழையாகவே இருப்பார். கைரேகையும் கிளியும் பொழுதுபோக்கு, தீங்குமில்லை, படிப்புமில்லை.

டாரோட்டும் ஐ சிங்கும்

டாரோட் 78 சீட்டு. 22 பெரியவை, 56 சிறியவை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்து, 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் "எகிப்திய ஞானம்" என்று வேடம் கட்டிக்கொண்டது. இன்று எங்கும் காணும் படங்கள் 1909இல் வெளியான கட்டிலிருந்து வந்தவை. வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். புதிதாகப் பழகுபவருக்கு இதுதான் எல்லாவற்றிலும் எளிது. படத்தைப் பார்த்தவுடன் கதை சொல்ல வாய் வரும். அதுவே அதன் குறையும்கூட. கேட்பவர் யோசிப்பதற்குள் படம் பேசிவிடுகிறது. கோபுரத்திலிருந்து ஆள் தலைகுப்புற விழும் சீட்டு வந்தால் விசாவுக்குக் காத்திருக்கும் பையனுக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும். ஒரு கோடும் இரண்டு சாய்வுமாக நிற்கும் ரூன் அப்படி மிரட்டாது. பேச்சில் கெட்டிக்காரர், நண்பர்கள் கூடும் இடத்தில் சுவையாக உரையாட விரும்புபவர் என்றால் டாரோட்டை எடுக்கலாம். நல்ல கட்டுகள் இறக்குமதி. விலையும் அதற்கேற்பவே இருக்கும்.

சீனத்து ஐ சிங்கில் 64 வடிவங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு கோடுகள். மூன்று நாணயங்களை ஆறு தரம் எறிந்தும் பார்க்கலாம். பழைய முறைப்படி 50 தண்டுகளை எடுத்து, ஒன்றை ஒதுக்கி, மீதி 49ஐப் பிரித்துப் பிரித்து எண்ணியும் பார்க்கலாம். இரண்டும் ஒரே கணக்கல்ல. நாணயத்தில் மாறும் கோடுகள் இரு வகையும் எட்டில் ஒரு பங்கு வரும். தண்டு முறையில் ஒரு வகை பதினாறில் மூன்று, மற்றது பதினாறில் ஒன்று. கணித ஆசிரியர்களுக்கு இது நல்ல விருந்து. தண்டுக்குப் பதில் தென்னை ஈர்க்கு 50 நறுக்கிக்கொள்ளலாம், காசு செலவில்லை. எண்ணி முடிக்கும்போது கோபத்தோடு உட்கார்ந்தவருக்குக் கோபம் பாதி ஆறியிருக்கும். ஆனால் பின்னால் இருப்பது ஒரு பெரிய நூல். பழைய சீனத்து அரசவையும் படையும் நிறைந்த வரிகள். வாசிப்புப் பழக்கம் உள்ளவருக்கு ரூனைவிட இதுவே நீண்டகாலம் சோறு போடும்.

யாருக்கு எது

தனியாக, கைச்செலவு இல்லாமல், தன் குழப்பத்தைத் தானே பிரித்துப் பார்க்க விரும்புபவர் ரூனை எடுக்கலாம். பாடல்களை முதலில் படிக்கவேண்டும், அதற்கு ஓரளவு ஆங்கிலம் வேண்டும். கேள்வியை எழுதாமல் துண்டு எடுக்கக் கூடாது. "வெளிநாடு போவேனா" என்பது கேள்வி அல்ல. "அடுத்த போகம்வரை இங்கே இருந்தால் நான் எதை இழப்பேன்" என்பது கேள்வி. திகதி, கேள்வி, வந்த மூன்று எழுத்து, அப்போது தோன்றிய பொருள் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி, அறுவடை முடிந்தபின் திரும்பப் படியுங்கள். எத்தனை தரம் நமக்கு வேண்டியதையே வாசித்திருக்கிறோம் என்பது மையில் இருக்கும். மற்றவர்களுக்குப் பார்ப்பதாக இருந்தால் நோய், கலியாணம், காணாமல்போனோர் ஆகிய மூன்றையும் தொடவேண்டாம். காசும் வாங்கவேண்டாம்.

குடும்பக் கதையில் ஆசையுள்ளவர், கணக்கு வருகிறவர் சாதகத்தின் கணிதப் பகுதியைப் பிடிக்கலாம். பொறுமை இருந்தால் ஐ சிங்.

காத்தான்குடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து படிக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கு இந்தப் பட்டியலில் எதுவுமே பொருந்தாது. அம்பு எறிந்து குறி பார்ப்பதைக் குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 90ஆம் வசனம் விலக்கிவிட்டது. முடிவெடுக்க இஸ்திகாராத் தொழுகை இருக்கிறது. அதுவும் முதலில் காரியத்தைத் தீர எண்ணிப் பார்த்து, பிறகு இறைவனிடம் ஒப்படைப்பது. கிறிஸ்தவ வீடுகளிலும் குறி கேட்பதற்கு வேதத்தில் தடை உண்டு. அவர்கள் ரூனை ஒரு பழைய எழுத்தாகப் படித்துச் சுவைப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. பேர்கன் குச்சிகள் போதும், ஒரு மாதம் போவது தெரியாது.

சாமியறையில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வைக்கத் தேவையில்லை, வேறு மக்களின் தெய்வங்களோடு கலந்த எழுத்து அது, அலுமாரியில் துணிப்பையில் கிடக்கட்டும். நீங்கள் கீறிய துண்டை மாலையாகக் கோத்து ஜெர்மனியில் இருக்கும் மச்சானுக்கு அனுப்புவதாக இருந்தால் மட்டும் கவனம் தேவை. சூரியனைக் குறிக்கும் சோவிலோ எழுத்தை இரண்டாகச் சேர்த்து நாசிகளின் எஸ்.எஸ். படை தன் சின்னமாக்கியது; அந்தச் சின்னத்தை வெளியில் காட்டுவது ஜெர்மனியில் குற்றம். ஓதலாவையும் தீவாஸ் என்ற இன்னோர் எழுத்தையும் இன்றைய இனவாதக் கும்பல்கள் பச்சை குத்திக்கொள்கின்றன. மச்சானுக்கு யேராவைக் கீறி அனுப்புங்கள். விளைச்சல் என்று அர்த்தம் சொல்லிக்கொள்ளலாம், பொலிஸாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியிராது.